ஒற்றைக் காலணிகளின் பேரேடு

வேல்ஸில், டெகிட் ஏரியின் கல் கரையில்
ஒரு மடக்கு மேசை, ஒரு நோட்டு,
கயிறு கட்டிய பென்சில், நான்.
எட்டு மணிக்கே காற்று வந்து
எழுதாத பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டது.

நின்றபடி துடுப்புப் போடுகிறவர்களின் கூடுகை.
எடுத்து ஓட்டிப் பார்க்க இருபத்திரண்டு பலகைகள்
புல்லில் கிடக்கின்றன.
சிவப்பு வால் உள்ளவை காற்றடித்தவை, மற்றவை கெட்டி.
(மாற்றிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.
எனக்கு வேலை தபால் நிலையத்தில்.)

அடகுக்கு ஒரு காலணி. ஒன்று மட்டும்.
பணம் வாங்கினால் அவர்கள் மறப்பார்கள்,
சாவி வாங்கினால் நான் தொலைப்பேன்.
ஒற்றைச் செருப்போடு
இதுவரை யாரும் வீடு போனதில்லை.

"எடை எவ்வளவு?"
இந்தக் கேள்விக்கு உண்மை சொன்னவள்
மெரெரிட் ஒருத்திதான்,
அதுவும் உரக்க, புருஷனைப் பார்த்துக்கொண்டே.
அவள் புருஷன் குவிலிம்
பத்துக் கிலோவை விழுங்கிவிட்டுச் சொன்னான்.
அவன் ஏறியதும் பலகை
கணுக்கால் வரை இறங்கி
மீதியைத் தானே கணக்கில் எழுதிக்கொண்டது.

அடுத்தது துடுப்பின் உயரம்.
கையைத் தலைக்கு மேல் தூக்கி
மணிக்கட்டை மடக்க வேண்டும்.
அந்த மடிப்பில் பிடி வந்து உட்கார வேண்டும்.
விடை தெரிந்த பிள்ளைகள் மாதிரி
வரிசை முழுக்கக் கை தூக்கி நிற்கிறது.
இறைச்சிக் கடை ஐஃபோர் தூக்கியபோது
அக்குளில் கிழிசல்.
நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.
இருவரும் ஏரியைப் பார்த்தோம்.

"சூப்பு அள்ளுகிற கரண்டி இல்லை இது,
இலை முன்பக்கம் சாயட்டும்"
என்று நாற்பது தடவை சொல்லியிருப்பேன்.

பதினான்காம் எண், நெஸ்டா.
சாம்பல் பலகை, வாலருகே பிசின் ஒட்டு.
இடது கால் பூட்ஸ், அளவு ஐந்து,
அறுந்த நாடாவுக்குப் பதில் சிவப்பு நூல்.
அவளுக்குப் பின்னால் ஒன்பது பேர்.
துடுப்பின் கிளிப்பைப் பூட்டினேனா?
'சரிபார்த்தது' என்ற கட்டத்தில்
ஒரு டிக் இருக்கிறது, என் கை போட்டது.
கைக்கு அது நினைவில்லை.

நான்கு மணிக்கு அடகுகள் மீளத் தொடங்கின.
ஈரம் சொட்டச் சொட்ட வந்த குவிலிம்
எண்ணைத் திருத்திக்கொள் என்றான், குனிந்து, மெல்ல.
ஐந்தரைக்கு
மேசைக்கடியில் ஒரே ஒரு பூட்ஸ்
நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு.

ஐஃபோர் பைனாகுலரில் தேடினார்.
அதோ என்றார். வாத்து.
அதோ என்றார். மிதவை.
எதிர்க்கரையில் சுற்றுலா ரயில் கூவிக்கொண்டே போனது,
அதற்கென்ன.
அவர் ஊற்றித் தந்த தேநீரை
கையில் வைத்திருந்தேன், குடிக்கவில்லை.
மீட்புப் படகின் கயிற்றை யாரோ இழுக்கிறார்கள்,
எஞ்சின் இருமுகிறது, அணைகிறது,
மறுபடி இருமுகிறது.

அப்போதுதான் நாணலைச் சுற்றிக்கொண்டு
மண்டியிட்ட ஓர் உருவம்.
கையில் சின்னக் குழந்தையின் துடுப்பு போல
ஏதோ ஒன்று.

"பாதி ஏரியில் இது என் இடுப்பு உயரத்துக்குச் சுருங்கிவிட்டது"
என்று நீட்டினாள்.
தண்டு தண்டுக்குள் வழுக்கி இறங்கியிருந்தது.
"நான் பூட்டவில்லை" என்றேன்.
"தெரிகிறது" என்றாள். "முட்டி போச்சு.
சூடாக ஏதாவது இருக்கிறதா?"
ஆறிப்போன தேநீரைத்தான் கொடுத்தேன்.
ஒரே மடக்கில் குடித்துவிட்டு
பூட்ஸைக் கவிழ்த்து உதறி மாட்டிக்கொண்டாள்.

பென்சிலின் பின்னால் ரப்பர் இல்லை.
டிக் அப்படியே இருக்கிறது.

எல்லோரும் போன பிறகு
இருபத்திரண்டு கிளிப்பையும்
ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தேன்.
இன்னும் மூன்று தளர்ந்திருந்தன.
அவற்றை எடுத்துப் போனவர்கள்
ஒரு வார்த்தை சொல்லாமல்
காலணியை வாங்கிப் போயிருக்கிறார்கள்.